நிஷா டிவியில வந்தப்போ உங்க வீட்டுல என்ன பேசினாங்க?

புதுக்கோட்டைக்காரி

காமெடி பண்ற அறந்தாங்கி நிஷாவை நேர்ல பார்த்தவங்கதான் எழுதணும்னு இல்லைங்க. அவங்க டிவியில வந்த நேரம் உங்க வீட்டுக் கூடத்துல என்ன பேச்சு நடந்துச்சு, அதைச் சொல்லுங்க. முதல்ல என் கதை.

விஜய் டிவியில கலக்கப்போவது யாரு காமெடி நிகழ்ச்சி அஞ்சாவது சீசன் ஓடின நேரம். அதுக்கு முன்னாடி அந்த மேடையில பொம்பளை வேஷம்னா பெரும்பாலும் ஒரு ஆம்பளை புடவை கட்டி, விக் வச்சுக்கிட்டு வருவார். நாங்களும் அதையே பார்த்துப் பழகிட்டோம். இவங்க வந்து மைக்கைப் பிடிச்சு எங்க மாவட்டத்துப் பேச்சுலயே வெளுத்து வாங்கினதும் என் மாமியாருக்குத் தலைகால் புரியல. "நம்ம அறந்தாங்கிப் புள்ளடி!" ஏதோ சொந்தத் தம்பி மக மேடை ஏறின மாதிரி பெருமை. அடுப்புல பால் பொங்கினாக்கூட எந்திரிக்க மாட்டாங்க.

நிஷா தன் நிறத்தை வச்சு தானே ஜோக் அடிப்பாங்க. கூட நடிக்கிற பழனி ஒண்ணு சொன்னா, திருப்பி நாலு குடுப்பாங்க. வீடே சிரிக்கும். நானும் சிரிச்சேன். அப்படி ஒருநாள் சிரிச்சுக்கிட்டிருக்கும்போதே என் நாத்தனார் என் மகளைப் பார்த்து, "ஏய் நிஷா, போய் தண்ணி எடுத்துட்டு வா"ன்னாங்க. மகளுக்கு அப்போ எட்டு வயசு. என் நிறம். அன்னையில இருந்து அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. கல்யாணம், காதுகுத்து, எங்க போனாலும் "நிஷா வந்துட்டா".

ரெண்டு மாசம் கழிச்சு, அந்த நிகழ்ச்சி போட்டாலே மகள் எந்திரிச்சு உள்ள போக ஆரம்பிச்சா. ஏன்டான்னு கேட்டேன். "அந்த ஆன்ட்டி கறுப்புன்னு சொன்னா அவங்களுக்குக் கை தட்டுறாங்க. என்னைச் சொன்னா அத்தைக்குத்தானம்மா சிரிப்பு வருது." எனக்குப் பதில் வரல. நிஷா மேல தப்பு சொல்ல இதை எழுதல. அவங்க சொன்னது அவங்களைப் பத்தி. அதை எடுத்துட்டு வந்து ஒரு குழந்தை தலையில வச்சது நாங்க.

மேடைப்பேச்சு

அக்கா, நான் பட்டிமன்றத்துல பேசுறவ. கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழான்னு பதினாலு வருஷமா பேசுறேன். நிஷாவும் பட்டிமன்றத்துல பேசி வந்தவங்கதான். அவங்க பேச்சைக் கவனிச்சுப் பார்த்தா தெரியும். ஒரு வரி சொல்லிட்டு, சிரிப்பு எழும்பி அடங்குற வரைக்கும் நிப்பாங்க. அடங்கப்போற நேரம் பார்த்து அடுத்ததை விடுவாங்க. மணல்ல உக்காந்து கடலை கொறிச்சுக்கிட்டிருக்கிற கூட்டத்துக்கு முன்னாடி பேசிப் பழகினாத்தான் அந்த நிதானம் வரும். டிவியில நடுவர் சிரிக்கிறதை வெட்டி ஒட்டிக்கலாம். திருவிழா மேடையில அது கிடையாது. சிரிக்கலைன்னா சிரிக்கலைதான்.

நிறத்தைப் பத்தி ஒண்ணு சொல்றேன். நான் கொஞ்சம் பருமன். மேடை ஏறினதும் முன்வரிசையில ஒருத்தன் பக்கத்துல இருக்கிறவன் காதுல ஏதோ சொல்றது கண்ணுல படும். அவன் சொல்றதுக்கு முன்னாடி நானே என் உடம்பைப் பத்தி ஒண்ணு சொல்லிடுவேன். கூட்டம் சிரிச்சிடும், அவன் வாய் அடைச்சிடும். அப்புறம் ஒரு மணி நேரம் நான் சொல்றதைக் கேப்பாங்க. அது நான் கட்டின நுழைவுச் சீட்டு. ஆம்பளைப் பேச்சாளர் யாரும் அந்தச் சீட்டை எடுத்து நான் பார்த்ததில்ல. வணக்கம் சொல்லிட்டு நேரா விஷயத்துக்குப் போயிடுறாங்க.

நிகழ்ச்சி முடிய ராத்திரி ஒரு மணி ஆகும். விடியக்காலை பஸ்ஸுக்கு ஸ்டாண்டுல உக்காந்திருக்கும்போது நினைப்பேன், இன்னைக்கு அந்த ஜோக்கைச் சொல்லாமலே ஆரம்பிச்சிருக்கலாமேன்னு. அடுத்த ஊர்ல திரும்பவும் சொல்லிடுவேன். உங்க மகள் கேட்டதைப் படிச்சதுல இருந்து மனசு ஒரு நிலையில இல்லக்கா.

கடலோரத்து லாத்தா

எங்க வாப்பா அவங்க வந்தாலே சேனலை மாத்துவாங்க. நம்ம முஸ்லிம் வீட்டுப் பொம்பளைப் புள்ள ஆயிரம் பேர் முன்னாடி இப்படிக் கத்திப் பேசலாமான்னு கோபம். உம்மா அடுப்படியில சின்ன டிவியில சத்தத்தைக் குறைச்சு வச்சுப் பார்ப்பாங்க. சிரிப்பு வந்தா முந்தானையை வாயில பொத்திக்குவாங்க.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்து சென்னை மூழ்கிச்சே, அப்போ நான் அங்க வாடகை வீட்டுல. மாடியில மாட்டிக்கிட்டோம். ஊர்ல வாப்பா போனும் கையுமா உக்காந்திருக்காங்க. அதே கலக்கப்போவது யாருல வந்த பாலாவும் நிஷாவும் வெள்ளம் புகுந்த பகுதிகளுக்கு உதவி எடுத்துட்டுப் போன வீடியோ யாரோ அனுப்பியிருக்காங்க. அதைப் பார்த்துட்டு வாப்பா எனக்குப் போன் போட்டு, "அந்தப் புள்ள உங்க பக்கம் வருதான்னு பாரும்மா"ன்னாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் வாப்பா சேனலை மாத்தினதே இல்ல.

ராத்திரி ஷிப்ட்

நான் செஞ்ச ஒரு காரியத்தைச் சொல்லணும். 2020 அக்டோபர்ல பிக் பாஸ் நாலாவது சீசன் ஆரம்பிச்சப்போ நிஷா உள்ள போனதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். கொரோனா நேரம், வேலை போய் வீட்டுல இருந்தேன். ராத்திரி ஒரு மணி நேரமாவது சிரிக்கலாம்னு நம்பி உக்காந்தேன்.

அவங்க அங்க அழுதாங்க. மத்தவங்களுக்காகப் பரிஞ்சு பேசினாங்க. கூடப் போட்டியில இருந்த அர்ச்சனாவோட சேர்ந்து இருந்தாங்க, நாங்கெல்லாம் அதுக்கு "அன்பு குரூப்"னு பேர் வச்சோம். எனக்குக் கோபம்னா கோபம். ஒரு புரோமோவுக்குக் கீழ, "சிரிக்க வைக்கத்தானே வந்த, அழுறதுக்கு வேற ஆள் இருக்கு"ன்னு போட்டேன். அதுக்கு எக்கச்சக்க லைக். அதே இடத்துல அவங்க நிறத்தையும் குழந்தையை விட்டுட்டு வந்ததையும் சொல்லி நூத்துக்கணக்குல எழுதினாங்க. அதை எழுதினவங்களும் நானும் வேற வேறன்னு அப்போ நினைச்சேன்.

டிசம்பர்ல ஒரே வாரக் கடைசியில ரெண்டு பேர் வெளியேறினாங்க. ஜித்தன் ரமேஷ் ஒருத்தர், மறுநாள் நிஷா. அன்னைக்கு எங்கம்மா பார்த்துட்டு, "பாவம், அழுறதுக்குக்கூட அவளுக்கு உரிமை குடுக்கல நீங்க"ன்னாங்க. 'நீங்க'ன்னு சொன்னாங்க. நான் என்ன எழுதினேன்னு அவங்களுக்குத் தெரியாது. அன்னைக்கு ராத்திரியே தேடிப் பிடிச்சு அதை அழிச்சேன். வெளியில அழவே செய்யாத ஆளுன்னு நானா ஒருத்தரை உருவாக்கி வச்சுக்கிட்டு, அது பொய்யாப் போனதும் அவங்களைத் திட்டியிருக்கேன். மாரி 2 படத்துல அவங்களைப் பார்க்கிறப்போ இப்பவும் அந்த வரி ஞாபகத்துக்கு வருது.

புதுக்கோட்டைக்காரி

மேடைப்பேச்சு, உங்க பதிலை மூணு தடவை படிச்சேன். அந்த நுழைவுச் சீட்டு உங்களுக்கு இனிமே வேண்டாம்ங்க. பதினாலு வருஷமா கேட்டவங்க சும்மாவே கேப்பாங்க. ஒரு ஊர்லயாவது சொல்லாம ஆரம்பிச்சுப் பார்த்துட்டு இங்க வந்து எழுதுங்க, நான் காத்திருப்பேன்.

எங்க வீட்டுல அந்தப் பேரை நிறுத்தினது நான் இல்ல, மாமியார். ஒரு வளைகாப்புல நாத்தனார் எல்லார் முன்னாடியும் "நிஷா"ன்னு கூப்பிட, மாமியார் தட்டைக் கீழ வச்சுட்டு, "அந்தப் புள்ள பேரு அவ சம்பாதிச்சது. இவளுக்கு நான் வச்ச பேரு இருக்கு, அதைச் சொல்லிக் கூப்பிடு"ன்னாங்க. நாத்தனார் அதுக்கப்புறம் அப்படிக் கூப்பிடல.

மகள் இப்போ காலேஜ். லீவுக்கு வந்தா பாட்டி பக்கத்துல உக்காந்துதான் டிவி. நிஷா வந்தா மாமியார் சத்தத்தைக் கூட்டச் சொல்வாங்க, காது முன்ன மாதிரி கேக்கல. நிறத்தைப் பத்தி ஏதாவது வரும்போது நான் என்னையறியாம மகள் முகத்தைப் பார்க்கிறேன். அவ திரையைத்தான் பார்த்துக்கிட்டிருக்கா.