'செலக்‌ஷன் பயஸ்': தெரிவுச் சாய்வா, தெரிவுக்கோட்டமா?

வணக்கம்.

மருத்துவ ஏற்றத்தாழ்வு குறித்த சொற்பட்டியலில் 'செலக்‌ஷன் பயஸ்' (ஆய்வுக்குள் யார் வருகிறார்கள் என்பதாலேயே முடிவு திரிவது) என்பதற்குத் 'தேர்வுச் சார்பு' என்றிருக்கிறது. இரண்டு பாதியுமே இடறுகின்றன. தமிழ்நாட்டுக் கணக்குப் பாடநூலில் சார்பு என்பது ஃபங்ஷன். சாய்வு என்று மாற்றினால் அது கோட்டின் ஸ்லோப். தேர்வு என்றதும் பரீட்சை நினைவுக்கு வரும். இலங்கையில் புழங்கும் 'தெரிவு' மேல்.

குறள் 119இல் சொற்கோட்டம், உட்கோட்டம் என வருகிறது. ஒருபக்கம் வளைதல் என்ற பொருள் அதிலேயே உண்டு. ஆகவே தெரிவுக்கோட்டம்?

---

> ஆகவே தெரிவுக்கோட்டம்?

தனியே கோட்டம் என்றால் கோயிலும் கோட்டாட்சியரும் வந்து நிற்பார்கள். தொகைச்சொல்லில் அந்தத் தொல்லை இல்லை. எனக்குச் சம்மதம். வரையறைதான் போதாது. 'மாதிரியைச் சரியாக எடுக்காமை' என்கிறோம்; மருத்துவமனையில் சேர்ந்த எல்லாரையும் எடுத்தாலும் கோட்டம் வரும்.

லூசியானாவின் ஆக்ஸ்னர் மருத்துவக் குழுமத்தில் 2020இல் கோவிட்டுக்காகச் சேர்க்கப்பட்டவர்களில் 76.9% கறுப்பினத்தவர், அக்குழுமத்தில் சிகிச்சை பெறுவோரில் அவர்கள் 31%தான். ஆனால் சேர்க்கப்பட்டவர்களை மட்டும், வயதும் நோய்நிலையும் சரிக்கட்டி ஒப்பிட்டால், இறப்பில் இனவேறுபாடு தென்படவில்லை. இதைப் பார்த்து 'ஏற்றத்தாழ்வே இல்லை' என்றால் தவறு: அது வார்டு வாசலுக்கு வெளியே நடந்து முடிந்துவிட்டது. மேலும், சேர்க்கையை நோயின் கடுமையும் வசதிவாய்ப்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. சேர்ந்தவர்களுக்குள் மட்டும் பார்த்தால், தொடர்பற்ற இரண்டுக்கும் இடையே பொய்த்தொடர்பு முளைக்கும். எனவே வரையறை: 'காரணமும் விளைவும் சேர்ந்து பாதிக்கும் ஒரு வடிகட்டலால் எழும் திரிபு'.

---

வரையறை சரி. கோட்டத்தை நீக்கும் முறைக்கும் பெயர் வேண்டும்: ஒவ்வொருவரையும், அவர் சேர்க்கப்படும் வாய்ப்பால் 1ஐ வகுத்து வரும் அளவுக்குக் கணக்கில் பெருக்கிக்கொள்ளும் முறை அது. 'தலைகீழ் நிகழ்தகவு எடை' என்றால் நிகழ்தகவே குப்புற விழுந்ததுபோல் இருக்கிறது. ரெசிப்ரோக்கலுக்குத் தலைகீழி என்ற சொல் பாடநூலிலேயே இருக்கிறது. நோயாளித் தரவில் எடை என்றால் கிலோ. ஆக, 'நிகழ்தகவுத் தலைகீழி நிறை'.

சொற்பட்டியல் பதிவில் எடுத்துக்காட்டும் சேருங்கள்: சேர்க்கப்படும் வாய்ப்பு 0.2 உள்ளவருக்கு நிறை 5, 0.01 உள்ளவருக்கு 100. அந்த ஒருவரே முடிவை இழுத்துக்கொண்டு போவார். அதனால் நிறைகளை 1ஆம், 99ஆம் சதமானங்களில் மட்டுப்படுத்துவது (இரு கோடியிலும் உள்ள ஒரு சதவீத நிறைகளை அந்த எல்லைக்கே கொண்டுவருவது) வழக்கம். அப்படிச் செய்தால் மதிப்பீட்டின் சிதறல் குறையும், கோட்டம் கொஞ்சம் திரும்பி வரும். ஒரு பிரிவினருக்கு வாய்ப்பு 0 என்றால் எந்த நிறையும் உதவாது. சேராதவர்களின் தரவு இல்லாமல் இந்த வாய்ப்பைக் கணிக்கவே முடியாது. வார்டுப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதில் இறங்குவது வீண்.