மறு: ரெகோலித் – உதிரிப்படலமா, உதிரிப்போர்வையா?

வணக்கம் நண்பர்களே,

ரெகோலித் (regolith) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எதை வைக்கலாம் என்று குழுவில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> "நிலாமண்" என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா. செய்தித் தலைப்பு என்றால் நானும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் ரெகோலித் நிலாவோடு நிற்பதில்லை. செவ்வாயில் உண்டு, சிறுகோள்களில் உண்டு, நம் காலடியிலும் உண்டு. அடிப்பாறைக்கு மேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கும் தூள், மணல், சரளை, கல் அத்தனைக்கும் சேர்த்து அந்தப் பெயர். பூமியில் மண் அதில் ஒரு பகுதிதான். மண் என்றதும் நமக்கு மட்கும் வேரும் மண்புழுவும் நினைவுக்கு வரும். பென்னு போன்ற சிறுகோளில் அதெல்லாம் ஏது?

"பாறைத்தூள்" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதில் கல் விடுபட்டுப்போகிறது. பென்னுவில் விண்கலம் அள்ளிய மாதிரியை வைத்திருந்த கொள்கலனின் மூடி சரியாக மூடாமல் போனதே கற்கள் இடையில் சிக்கிக்கொண்டதால்தான்.

> "உதிரிப்படலம்" எப்படி?

இதில் "உதிரி" எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தொடுத்த பூ, உதிரிப் பூ என்று தினமும் சொல்கிறோம். கூடையில் குவித்திருக்கும் உதிரி மல்லிகையில் கையை வைத்துப் பாருங்கள். மேலே குவியலாகத்தான் தெரியும். லேசாக அழுத்தினால் மணிக்கட்டு வரை உள்ளே போய்விடும். 2020 அக்டோபர் 20 அன்று பென்னுவில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலத்தின் கை தரையைத் தொட்டதும் சுமார் அரை மீட்டர் உள்ளே இறங்கியது. உந்திகளை இயக்கி மேலே கிளம்பியிராவிட்டால் இன்னும் இறங்கியிருக்கும். சேர்த்துப் பிடிக்க அங்கே பெரிய ஈர்ப்பு இல்லை, ஈரமும் இல்லை. "உதிரி" என்ற ஒரே சொல் அதைச் சொல்லிவிடுகிறது.

"படலம்" மட்டும் உறுத்துகிறது. அது மெல்லியது என்ற எண்ணத்தைத் தருகிறது, கண்ணில் படர்வதைப் போல. நிலாவின் கரிய சமவெளிகளில் இந்த அடுக்கு 4–5 மீட்டர் தடிமன், மேட்டு நிலங்களில் 10 மீட்டருக்கும் மேல். சரி, "உதிரி அடுக்கு" என்றால்? அடுக்கு என்றால் அடுக்கிவைத்த ஒழுங்கு வருகிறது. விண்கற்கள் விழுந்து விழுந்து கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் புரட்டிப் போட்டதற்கு அது பொருந்தாது.

அதனால் என் பரிந்துரை உதிரிப்போர்வை. 1897இல் மெரில் என்ற அமெரிக்க நிலவியலாளர் ரெகோலித் என்ற சொல்லை அமைத்தபோது எடுத்த கிரேக்கச் சொற்களும் போர்வை, கல் என்பவைதாம். அதற்காக மட்டும் சொல்லவில்லை. அது உண்மையிலேயே போர்வை வேலை செய்கிறது. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலாத் தரையில் நுழைத்த வெப்பமானிக் கோலில் 10 உணரிகள் இருந்தன. மேற்பரப்பில் பகல் வெயிலின் சூடு, 8 செ.மீ. ஆழத்திலோ உறைநிலைக்குக் கீழே. துகள்களுக்கு நடுவே வெற்றிடம், துகளும் துகளும் தொடும் இடமோ மிகக் கொஞ்சம். வெப்பம் எப்படிக் கடக்கும்?

அப்படி அள்ளி எடுத்து வரும் பொருளுக்குத் தனிச் சொல் வேண்டும் என்று குழுவில் ஓர் அம்மையார் சொன்ன கருத்து நியாயமானது. அதை உதிரிப்பொருள் எனலாம். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

"பென்னுவின் உதிரிப்பொருள் 121.6 கிராம் பூமிக்கு வந்து சேர்ந்தது."

"நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் அனார்த்தசைட் பாறையைப் பொடித்து, நிலவின் உதிரிப்பொருளுக்கு ஒப்பான ஒன்றைச் செய்து இஸ்ரோ சோதனைக்குப் பயன்படுத்தியது."

முதலாவது தடையில்லாமல் ஓடுகிறது. இரண்டாவதில் "ஒப்பான ஒன்று" இழுக்கிறது. அதற்கு "ஒப்புப்பொருள்" போதுமா என்று பாருங்கள். "உதிரி" என்று மட்டும் சுருக்க வேண்டாம், வண்டியின் உதிரி பாகம் குறுக்கே வரும்.

அன்புடன்