பழைய என்810 டேப்லெட்டில் செய்தி படிக்க, குறிப்பு எழுத என்ன வழி?

மணிக்குருவி:

வணக்கம். மாமா வைத்திருந்த நோக்கியா என்810 இன்டர்நெட் டேப்லெட் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. இழுத்தால் வெளியே வரும் விசைப்பலகை, ஸ்டைலஸ், பின்பக்கத்தில் நிறுத்தி வைக்கும் கால் எல்லாமே நன்றாக இருக்கின்றன. பேட்டரி புதிதாக மாற்றியிருக்கிறேன். ஆன் செய்தால் அதன் இயங்குதளமான ஓஎஸ்2008 வருகிறது, வைஃபையில் சேர்கிறது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

உலாவியில் எந்தச் செய்தித் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பான இணைப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. முகப்புத் திரையில், தளங்கள் புதிய செய்திகளை வரிசையாக வெளியிடும் செய்தியோடைக்கென்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. முகவரி கொடுத்தால் அதுவும் காலியாகவே கிடக்கிறது. மென்பொருள் நிறுவும் அப்ளிகேஷன் மேனேஜர் பட்டியலைப் புதுப்பிக்கப் போய்ப் பிழை காட்டுகிறது.

எனக்கு வேண்டியது அதிகமில்லை. காலையில் எழுந்ததும் செய்தி படிக்க வேண்டும், தமிழ்ச் செய்தியும் சேர்த்து. குறிப்பு எழுத வேண்டும். வீட்டில் எந்நேரமும் ஓடும் லினக்ஸ் கணினி ஒன்று உண்டு. அதற்குள் எஸ்எஸ்எச் (வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழைய முடிந்தால் நல்லது. இதற்குப் புதிய இயங்குதளம் ஏதாவது போட முடியுமா, இல்லை இருப்பதை வைத்தே ஓட்டலாமா? பயன்படுத்தியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நேர்வழி:

நண்பரே, என் கருத்து: செய்தி படிக்க இது வேண்டாம். இதன் மென்பொருள் 2008-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வெளியில் தெரிந்த பாதுகாப்பு ஓட்டைகள் எதையும் நோக்கியா அடைக்கவில்லை. மின்னஞ்சல், வங்கி என்று கடவுச்சொல் கேட்கும் எதையும் இதில் தொடாதீர்கள். சாதாரணமான புதிய டேப்லெட் ஒன்று இந்த வேலையை எந்தச் சிரமமும் இல்லாமல் செய்துவிடும். மாமாவின் நினைவாக இதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

ஏட்டுச்சுவடி:

கடவுச்சொல் பற்றி நேர்வழி சொன்னது முழுக்கச் சரி. எடுத்து வைக்கச் சொன்னதைத்தான் நான் ஏற்கவில்லை. மெய்ப்புத் திருத்துவது என் தொழில். என்810-க்கு முன்பு வந்த நோக்கியா 770 டேப்லெட் காலத்திலிருந்து இந்த வரிசையைப் பயன்படுத்துகிறேன். என்810 இன்றைக்கும் என் மேசையில் வேலை செய்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தளங்கள் திறக்காததற்குச் செயலியின் வேகம் காரணம் இல்லை. 400 மெகாஹெர்ட்ஸ் செயலிக்கு எழுத்து நிறைந்த பக்கம் ஒரு பாரமே அல்ல. பிரச்சினை மறையாக்கத்தில் இருக்கிறது. ஓஎஸ்2008-இல் உள்ள உலாவி மைக்ரோபி, மொசில்லாவின் கெக்கோ இயந்திரத்தின் மேல் கட்டியது. இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் என்ற நெறிமுறையில் அதற்குத் தெரிந்தது 1.0 பதிப்பு வரைதான். பெரிய உலாவிகள் எல்லாம் 2020-இல் 1.0, 1.1 இரண்டையும் கைவிட்டன. 2021 மார்ச்சில் இணையத் தரநிலைக் குழுவே அவற்றை ஓய்வில் அனுப்பிவிட்டது. இன்றைய சர்வர்கள் குறைந்தது 1.2 கேட்கின்றன. உங்கள் டேப்லெட்டுக்கு அந்தப் பேச்சே புரியாது. செய்தியோடைப் பெட்டி காலியாக இருப்பதற்கும் இதுதான் காரணம். புதிய மூலச் சான்றிதழ்களை ஏற்றினால் சரியாகிவிடும் என்று சில இடங்களில் படிப்பீர்கள். சான்றிதழைப் பார்க்கும் கட்டம் வருவதற்கு முன்பே இணைப்பு முறிந்துவிடுவதால் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

புதிய இயங்குதளம் கேட்டீர்கள். இதில் ஓடும் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, 2.6.21. இன்றைய டெபியன் லினக்ஸை ஒரு கோப்புறையில் வைத்து இதன் மேல் ஓட்டப் பார்த்தால், கெர்னல் மிகப் பழையது என்று சொல்லி முதல் கட்டளையிலேயே நின்றுவிடும், ஏனென்றால் புதிய சி நூலகம் அந்த கெர்னலை ஏற்பதில்லை. அக்காலத்து டெபியன் ஓடும்; ஆனால் அதிலுள்ள உலாவிக்கும் இதே டிஎல்எஸ் தொல்லை, போதாததற்கு 128 எம்பி நினைவகத்தில் அது திணறும். புதிய லினக்ஸ் கெர்னலில் என்810-க்கான கோப்பு இருக்கிறது, ஆர்வமுள்ளவர்கள் அதை ஏற்றியும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஸ்டைலஸால் தொட்டுப் பயன்படுத்த வசதியான திரை அமைப்பு டையப்லோவில்தான் இருக்கிறது. ஓஎஸ்2008-இன் கடைசிப் பெரிய பதிப்புக்குத்தான் அந்தப் பெயர். உங்களுடையது அதுதானா என்று கன்ட்ரோல் பேனலில் பாருங்கள். 5.2008.43-7 என்று இருந்தால் கடைசி எண் அதுதான், மறுபடி ஃப்ளாஷ் செய்ய (இயங்குதளத்தைப் புதிதாக ஏற்ற) வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வீட்டில் எப்போதும் ஓடும் லினக்ஸ் கணினி இருக்கிறது என்றீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. வெளியுலகோடு மறையாக்கம் செய்து பேசும் பொறுப்பை அந்தக் கணினியிடம் விடுங்கள். அது விடியற்காலையில் செய்திகளை எடுத்து வந்து, சிறு சிறு கோப்புகளாக்கி, வீட்டுக்குள் மட்டும் சாதாரண எச்டிடிபியில் பரிமாறட்டும். டேப்லெட் அதைப் படிக்கட்டும். வெளியிணையத்தை அது தொடவே வேண்டாம். நேர்வழி கவலைப்பட்ட ஆபத்தும் இதனால் பெருமளவு குறைந்துவிடும்.

ஆங்கிலச் செய்திக்கு நான் கணினியில் காலிபர் என்ற மின்னூல் மென்பொருளை வைத்திருக்கிறேன். செய்தித் தளங்களுக்கான செய்முறைக் கோப்புகள் அதனுடனேயே வருகின்றன. கட்டளை வரியிலேயே ஒரு தளத்தின் அன்றைய செய்திகளை ஒரே புத்தகமாக்கித் தரும். எஃப்பி2 என்ற மின்னூல் வடிவத்துக்கு மாற்றி, டேப்லெட்டில் எஃப்பிரீடரில் திறக்கிறேன். ஷார்ப் ஸாரஸ் என்ற கையடக்கக் கணினிக்காக முதலில் எழுதிய மென்பொருள் அது. சின்னத் திரைக்கென்றே பிறந்தது. எழுத்தளவு, ஓரம், வரி இடைவெளி எல்லாவற்றையும் கண்ணுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம், திரையை நிமிர்த்தியும் படிக்கலாம். 4.1 அங்குலத்தில் 800-க்கு 480 புள்ளிகள் என்பதால் எழுத்தின் விளிம்பு அவ்வளவு கூர்மை. வெயிலில் உட்கார்ந்தாலும் என்810-இன் திரை தெரியும். மெய்ப்புத் திருத்தி ஓய்ந்த கண்ணுக்கு எனக்கு இது மிகவும் பிடித்த திரை.

தமிழுக்கு நான் வேறு வழி வைத்திருக்கிறேன். எழுத்துரு ஏற்றுவது, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போய்விடுமோ என்று பார்ப்பது, இதற்கெல்லாம் போவதே இல்லை. லினக்ஸ் கணினியில் குரோமியம் உலாவியைத் திரை இல்லாத முறையில் ஓட்டினால் ஒரு பக்கத்தைப் படமாக எடுத்துத் தரும். செய்தியோடையிலிருந்து கட்டுரையின் எழுத்தை மட்டும் எடுத்து, விளம்பரமில்லாத ஒரு எளிய பக்கமாக்கி, 780 புள்ளி அகலத்தில் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். கணினியே எழுத்துகளைக் கோத்துவிடுவதால் டேப்லெட்டுக்கு வருவது வெறும் படம். எழுத்து உடைய வழியே கிடையாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நீளமான கட்டுரையை ஒரே படமாக அனுப்பாதீர்கள். 800 அகலம், 10,000 உயரம் என்றால் விரித்து வைக்கவே சுமார் 32 எம்பி நினைவகம் வேண்டும், இருப்பதோ மொத்தமே 128. இமேஜ்மேஜிக் என்ற படக் கருவி கொண்டு துண்டு துண்டாக வெட்டி, எண் வரிசையில் ஒரு எச்டிஎம்எல் பக்கத்தில் அடுக்கினால் மைக்ரோபி தடையில்லாமல் காட்டுகிறது. படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள், கோப்பின் அளவு நன்றாகக் குறையும்.

அப்ளிகேஷன் மேனேஜர் காட்டும் பிழைக்கு, அதிலுள்ள பழைய களஞ்சிய முகவரிகளை நீக்கிவிடுங்கள். அங்கே இப்போது பதில் சொல்ல யாரும் இல்லை. வேண்டிய பொதிகளை (நிறுவல் கோப்புகளை) இந்த டேப்லெட் சமூகத்தினர் சேமித்து வைத்திருக்கும் பிரதிகளிலிருந்து கணினியில் இறக்கி, நினைவக அட்டையில் போட்டு, ஃபைல் மேனேஜரில் தொட்டாலே நிறுவிக்கொள்ளும். டையப்லோவுக்கென்று கட்டிய ஆர்மெல் (ஏஆர்எம் செயலிக்கான) பொதியாக இருக்க வேண்டும், டெபியனுடைய ஆர்மெல் பொதி என்று பார்த்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு பொதி இன்னொன்றைக் கேட்டால் அதையும் நீங்களேதான் தேட வேண்டியிருக்கும். எதை இறக்கினாலும் ஒரு பிரதியைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரதிகளைக் காப்பவர்கள் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அப்புறம், கன்ட்ரோல் பேனலில் மெமரி என்ற இடத்தில் மெய்நிகர் நினைவகத்தைக் கூட்ட வழி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் உலாவியும் எஃப்பிரீடரும் ஒன்றாகத் திறந்திருக்கும்போது மூச்சு வாங்காது.

மணிக்குருவி:

அக்கா, மிக்க நன்றி! தமிழைப் படமாக்கும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. நேற்றிரவு ஒரு பைத்தான் நிரல் எழுதிப் பார்த்தேன், அருமையாக வருகிறது. பதிப்பும் நீங்கள் சொன்ன அதே எண்தான். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வைஃபை சிறிது நேரம் சும்மா விட்டால் அறுந்துபோகிறது, திரும்ப நானே இணைக்க வேண்டியிருக்கிறது. எஸ்எஸ்எச் போனால் கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே ஹோஸ்ட் கீ (சர்வரின் அடையாளச் சாவி) பற்றி ஏதோ ஒரு வரியைக் காட்டிவிட்டு வெளியேறுகிறது. லினக்ஸ் கணினியில் இருப்பது புதிய உபுண்டு.

கம்பித்தடம்:

இந்த இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன்.

வைஃபை இணைப்பின் அமைப்பில் அட்வான்ஸ்ட் பகுதிக்குள் மின்சேமிப்பு என்று ஒரு தேர்வு இருக்கும். அதை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். சில ரௌட்டர்களோடு அந்தச் சேமிப்பு முறை ஒத்துப்போவதில்லை. பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஆனால் இணைப்பு நிற்கும். என்810-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், அதிலும் பி, ஜி வகைகள்தான். வைஃபை பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 வரை ஏற்கும், 3 தெரியாது. ரௌட்டரில் இதற்கென்று தனியாக ஒரு வலைப்பெயர் வைத்து, டபிள்யூபிஏ2 மட்டும் என்று குறித்துவிட்டால் மற்றச் சாதனங்களின் பாதுகாப்பைக் குறைக்க வேண்டியதில்லை.

எஸ்எஸ்எச் விஷயம் இப்படி. லினக்ஸில் எஸ்எஸ்எச் வேலையைச் செய்யும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருள், 2021 செப்டம்பரில் வந்த 8.8 பதிப்பிலிருந்து, எஸ்எச்ஏ-1 என்ற கணக்கீட்டு முறை கொண்ட பழைய ஆர்எஸ்ஏ கையொப்பத்தை இயல்பாக ஏற்பதில்லை. உங்கள் டேப்லெட்டிலுள்ள கிளையண்டுக்கோ அதுதான் தெரியும், அதனால் இருவருக்கும் பொதுவான மொழி இல்லாமல் போகிறது. முதன்மை சர்வரின் அமைப்பில் கை வைத்துப் பழையதை எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். இரண்டாவதாக ஒரு எஸ்எஸ்எச் சர்வரை வேறு போர்ட்டில் ஓட்டுங்கள், வீட்டு முகவரியில் மட்டும் கேட்கட்டும், பழைய ஆர்எஸ்ஏவை அதில் மட்டும் அனுமதியுங்கள். அதிகாரம் குறைந்த ஒரு தனிப் பயனரை உருவாக்கி, சாவிக் கோப்பால் மட்டும் நுழையும்படி வையுங்கள். டேப்லெட் தொலைந்தால் அந்தச் சாவியை நீக்கினால் போதும்.

நினைவக அட்டைக்கு மினிஎஸ்டி தேடி அலைய வேண்டாம். மைக்ரோஎஸ்டியை அதற்கான அடாப்டரில் போட்டுச் செருகலாம். என்னிடம் இருப்பது 770, அதற்கு வேண்டிய இரட்டை மின்னழுத்த ஆர்எஸ்-எம்எம்சி அட்டை கிடைப்பது இப்போது அபூர்வம். அந்த வகையில் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

ஏட்டுச்சுவடி:

கம்பித்தடம் சொன்னபடியே செய்யுங்கள், நானும் தனி போர்ட்தான் வைத்திருக்கிறேன்.

குறிப்பு எழுதுவது பற்றிச் சொல்ல விட்டுப்போனது. ஆங்கிலத்தில் தட்டுவதென்றால் கூடவே வரும் நோட்ஸ் போதும், பழக்கமிருந்தால் விம் எடிட்டர் கூட உண்டு. தமிழுக்கு ஜோர்னல் என்ற கையெழுத்துக் குறிப்பு மென்பொருளைப் போட்டுக் கையாலேயே எழுதுங்கள். இந்தத் திரை அழுத்தத்தை உணரும் வகை, விரலைவிட ஸ்டைலஸ் முனைக்கு நன்றாகக் கட்டுப்படும். இன்றைய திரைகளில் தடித்த முனையோடு போராடியவர்களுக்கு அந்த வித்தியாசம் உடனே புரியும். 'ஷ'வின் சுழி, 'ஞ'வின் வளைவு எல்லாம் நான் நினைத்த இடத்தில் விழுகின்றன. பிடிஎஃப் பக்கத்தின் மேலேயே எழுதலாம் என்பதால் மெய்ப்புகளில் குறியிடுவதும் இதில்தான். பெரிய பிடிஎஃப் என்றால் கணினியில் சில பக்கங்களாகப் பிரித்து அனுப்பிக்கொள்ளுங்கள்.

எழுதியதை எக்ஸ்ஓஜே கோப்பாகச் சேமிக்கும். லினக்ஸ் கணினியில் ஜோர்னல்++ அதை அப்படியே திறக்கும், அங்கிருந்து பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளலாம். எஸ்எஸ்எச் சரியானதும், தினமும் இரவில் அந்தக் கோப்புறையைக் கணினிக்கு நகலெடுக்க ஒரு சின்ன நிரல் எழுதி வையுங்கள். சார்ஜ் ஏறும் நேரத்தில் ஓடும்படி வைப்பது நல்லது. என்810-க்கு யூஎஸ்பியில் சார்ஜ் ஏறாது, மெல்லிய வட்டப் பின்தான் வேண்டும், அதில் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பைத்தான் நிரலை இங்கே போட முடிந்தால் போடுங்கள், படம் வெட்டும் பகுதியை நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.