'மி' என்ற சொல்லைப் பற்றி உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். திட்டமிட்டு உருவாக்கப்பட்ட மொழிகளைத் தமிழில் அறிமுகப்படுத்தும் சிறு சொற்குறிப்பேடு ஒன்றைத் தொகுத்து வருகிறேன். அதில் 'மி' என்னும் ஓரசைச் சொல்லிலேயே பல நாட்களாக நின்றுவிட்டேன்.

1887-இல் சாமென்ஹோஃப் வெளியிட்ட எஸ்பெராந்தோவில் 'மி' என்றால் 'நான்'. அதிலிருந்து பிரிந்த இதோ மொழியில் அது 'மே' ஆகிவிட, 1951-இல் வந்த இன்டர்லிங்குவாவிலோ 'மி' என்பது 'என்னுடைய' என்று பொருள்படுகிறது. இசைச் சுரங்களால் ஆன சொல்ரெசொல்லில் அதே ஒலி 'அல்லது' ஆகிறது, இதற்கும் மற்றவற்றுக்கும் உறவே இல்லை.

என்னைத் தடுமாற வைப்பது மிகச் சில சொற்களே கொண்ட தோக்கி போனா என்னும் மொழி. அதில் 'மி மொக்கு' என்பதை 'நான் சாப்பிடுகிறேன்', 'நாங்கள் சாப்பிட்டோம்', 'நாம் சாப்பிடுவோம்' என எப்படியும் கொள்ளலாம். 'மி முத்தே' என்று பன்மையைச் சுட்டினாலும் கேட்பவர் அந்தப் பன்மைக்குள் இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்பது விளங்குவதில்லை. லோஜ்பான் என்னும் மற்றோர் உருவாக்கப்பட்ட மொழியில் இந்தச் சிக்கல் இல்லை: 'மிஹோ' நம் 'நாம்', 'மிஹா' நம் 'நாங்கள்'. அந்தப் பொருத்தத்தைக் கண்டபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

தோக்கி போனாவில் பேசிப் பழகியவர்கள், விருந்தினரிடம் 'நாங்கள் சாப்பிட்டுவிட்டோம், நீங்கள் சாப்பிடுங்கள்' என்பதை இயல்பாக எப்படிச் சொல்வீர்கள்? ஓரிரு எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பொருளுடன் எழுதி உதவினால், அவற்றை அப்படியே குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்வேன்.