அப்டேட் முடிந்ததும் வைஃபை காணோம்: பின்வாங்குவதா, டிரைவரைத் திருத்துவதா?

உப்புவெளி விடுதி:
வணக்கம். திருகோணமலை உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் சின்ன விடுதி ஒன்று நடத்துகிறோம். வரவேற்பு மேசை லெப்டொப்பில் விண்டோஸ் 11. நேற்று இரவு அப்டேட் கேட்டது, சரியென்று அமத்திவிட்டுப் படுத்துவிட்டோம். காலையில் திறந்தால் மூலையில் வைஃபை அடையாளமே இல்லை, உருண்டை ஒன்று மட்டும் நிற்கிறது. எங்கள் போன்களும் விருந்தினர்களின் போன்களும் அதே ரவுட்டரில் ஒழுங்காக ஓடுகின்றன. டவுனில் ஒரு கடையில் கேட்டோம். "ஃபோர்மட் அடிக்கவேணும், விட்டுட்டுப் போங்கோ" என்றார்கள். சீசன் நேரம், அறைப் பதிவெல்லாம் அதில்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

உவர்மலை:
ஃபோர்மட் ஒன்றும் வேண்டாம் தங்கச்சி. வந்த அப்டேட்டைக் கழற்றிவிடுங்கள், வேலை முடிந்தது. செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி என்று போனால் அடியில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் இருக்கும். மாதாந்த அப்டேட்டாக இல்லாமல் பெரிய பதிப்பு மாற்றமாக இருந்தால் ரிக்கவரிக்குள் கோ பேக் என்ற பொத்தான் இருக்கும். அதற்கு 10 நாள்தான் தவணை, பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். கழற்றிய கையோடு போஸ் அப்டேட்ஸ் போட்டு 5 கிழமைக்கு நிறுத்திவையுங்கள். ஓடுகிற மெஷினில் சீசன் முடியும்வரை கைவைக்கக் கூடாது.

பாலையூற்று:
அண்ணை, என்ன பழுது என்று பார்க்காமலே கழற்றச் சொல்கிறீர்கள். விடுதிக்காரத் தங்கச்சி, ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் பண்ணி டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வேர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்துப் பாருங்கள். வைஃபை கார்டின் பெயரே இல்லை என்றால் ஒரு கதை. பெயர் இருந்து பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் நின்றால் அது டிரைவர் கதை, கார்டை விண்டோஸோடு பேச வைக்கிற மென்பொருள். பெயரும் இருக்கிறது, முக்கோணமும் இல்லை, சிக்னல்களும் தெரிகின்றன, இணையத்தான் மாட்டேன் என்கிறது என்றால் அது பாஸ்வேர்ட் அல்லது பாதுகாப்பு அமைப்புச் சிக்கல். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இன்னொன்று. விண்டோஸின் மாதாந்த அப்டேட் ஒரே மூட்டை. வைஃபைக்காக அதைக் கழற்றினால் அந்த மாதத்துப் பாதுகாப்புத் திருத்தங்கள் அத்தனையும் சேர்ந்து கழன்றுவிடும். 2024 ஜூனில் விண்டோஸின் வைஃபை டிரைவரிலேயே ஓர் ஓட்டை அடைக்கப்பட்டது. சிக்னல் எட்டுகிற தூரத்தில் இருக்கிற ஒருவர், பாஸ்வேர்ட் எதுவும் தெரியாமலே, கெட்ட டேட்டாப் பொதி ஒன்றை அனுப்பி உங்கள் மெஷினுக்குள் புகலாம் என்கிற வகை. யார் யாரோ வந்து தங்குகிற விடுதியின் வரவேற்பு மேசையில் அப்படி ஒரு ஓட்டையைத் திறந்து வைப்பதா?

உவர்மலை:
உப்புவெளிக்கு ஆட்கள் வருவது திமிங்கிலம் பார்க்க, லெப்டொப் உடைக்க இல்லை. ஓட்டை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு அறைப் பதிவு பார்க்க வேண்டும்.

அப்டேட்டால் வைஃபை போவது என் கற்பனையும் இல்லை. 2023 டிசம்பரில் விண்டோஸ் 11இன் அப்டேட் ஒன்று பல்கலைக்கழகங்களின் வைஃபையைக் குழப்பியது, மைக்ரோசொஃப்டே அதை ஒப்புக்கொண்டது. அந்த நேரம் அப்டேட்டைக் கழற்றியவர்கள் அன்றைக்கே வேலைக்குத் திரும்பினார்கள். டிரைவரைத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் தோண்டிக்கொண்டே இருந்தார்கள்.

பாலையூற்று:
அந்தக் கதையை முழுதாகச் சொல்லுங்கள் அண்ணை. அது பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைகிற நிறுவன வைஃபைகளைப் பாதித்தது, வீட்டு ரவுட்டர்களில் வர வாய்ப்புக் குறைவு என்று மைக்ரோசொஃப்டே சொன்னது. சில நாட்களில் அவர்கள் செய்த முதல் பரிகாரமும் முழு அப்டேட்டையும் திருப்பி எடுப்பது இல்லை. பழுதான அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தூரத்திலிருந்து அணைத்தார்கள், மற்றத் திருத்தங்கள் அப்படியே இருந்தன. நான் கேட்பதும் அதுதான், பழுதானதை மட்டும் எடுங்கள்.

உள்துறைமுகம்:
இரண்டு பேரும் அப்டேட்டிலேயே நிற்கிறீர்கள். கடலுக்குக் கிட்ட இருக்கிற லெப்டொப்புகளைத் திறந்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். வைஃபை கார்ட் விரல் அகலத்தில் ஒரு சின்னப் பலகை. அதன் தலையில் அரிசியளவு பித்தளைப் பொட்டு இரண்டு, அன்டெனா வயர் வந்து கொளுவுகிற இடம். உப்புக் காற்று பட்டுப் பட்டு அதில் பச்சைக் களிம்பு பிடிக்கும், கார்ட் செருகுகிற பல்லிலும் பிடிக்கும். மாதக்கணக்கில் சும்மா மூடித் திறந்துகொண்டிருந்த மெஷினை அப்டேட் முதல் தடவை முழுசாக ரீஸ்டார்ட் பண்ண வைக்கும். சாகக் கிடந்த கார்ட் அன்றைக்குத்தான் எழும்பாது. பழி அப்டேட்டுக்குப் போகும். மூடியைக் கழற்றிக் கார்டைப் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகுங்கள்.

உப்புவெளி விடுதி:
பாலையூற்று அக்கா சொன்னபடி பார்த்தேன். கார்டின் பெயர் இருக்கிறது, மஞ்சள் முக்கோணமும் இருக்கிறது. உள்ளே போனால் 'இந்தச் சாதனம் தொடங்க முடியவில்லை, கோட் 10' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. மூடியைக் கழற்றப் பயமாக இருக்கிறது அண்ணை.

பாலையூற்று:
பயப்படத் தேவையில்லை, மூடியைத் தொட வேண்டாம். பெயர் தெரிகிறது என்றால் கார்ட் குறைந்தபட்சம் செருகியபடி இருக்கிறது.

உள்துறைமுகம்:
கோட் 10 வன்பொருள் பழுதிலும் வரும், டீச்சர். பெயர் தெரிந்தால் கார்ட் நல்லது என்று அர்த்தம் இல்லை.

கிண்ணியா:
இதற்கெல்லாம் ஒரே வழி லினக்ஸ். அதில் மின்ட் என்ற வகையைப் போட்டுவிடுங்கள் தங்கச்சி, அப்டேட் தலையிடியே இருக்காது.

உவர்மலை:
நானா, லினக்ஸில் கர்னல் என்கிற அடிப்பகுதி மாறியதும் வைஃபை போன கதை உங்களுக்குத் தெரியாததா? சில கார்டுகளுக்கு டிரைவர் கர்னலோடு வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். புதுக் கர்னல் வரும்போதெல்லாம் அந்த டிரைவரைத் திரும்பக் கட்ட வேண்டும். கட்டுவது தவறினால் போச்சு. செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்புப் போட்டிருந்தால் கையெழுத்தில்லாத டிரைவரை உள்ளேயே விடாது.

கிண்ணியா:
தெரியும் அண்ணை. ஆனால் அங்கே பழைய கர்னலும் பக்கத்திலேயே இருக்கும். திறக்கும்போது கிரப் என்ற தொடக்கப் பட்டியலில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் போய் முந்தியதைத் தெரிந்தால் வைஃபை திரும்பிவிடும். புதியதற்கு டிரைவர் வரும்வரை அதிலேயே ஓட்டலாம்.

உவர்மலை:
கேட்டீர்களா டீச்சர்? லினக்ஸ்காரருக்கும் முதல் மருந்து பின்வாங்கல்தான்.

பாலையூற்று:
கர்னல் ஒன்றைப் பின்னுக்கு வைப்பதும் முழு மாதத்துப் பாதுகாப்பையும் கழற்றுவதும் ஒன்றில்லை. அதோடு நானா சொன்னதில் எனக்கு வேறு ஒரு பயன் தெரிகிறது. லினக்ஸை நிறுவ வேண்டாம், பென்டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம். அதில் வைஃபை சிக்னல்கள் தெரிந்தால் கார்ட் உயிரோடு இருக்கிறது, பழுது விண்டோஸ் பக்கத்து டிரைவரில். உள்துறைமுகத்தாருடைய சந்தேகம் மூடி கழற்றாமலே தீரும்.

கிண்ணியா:
சரியான யோசனை. 8 ஜிபி பென்டிரைவ் போதும், எங்கேயாவது நல்ல இன்டர்நெட் இருக்கிற இடத்தில் எழுதி எடுங்கள். திறந்ததும் அப்படியே ஓட்டிப் பாருங்கள், இன்ஸ்டோலைத் தொட வேண்டாம். பயோஸில் செக்யூர் பூட்டையும் மாற்ற வேண்டாம். டிஸ்க்கில் பிட்லொக்கர் என்ற பூட்டுப் போட்டிருந்தால் பிறகு விண்டோஸ் 48 இலக்கச் சாவி கேட்கும், அது எங்கே இருக்கிறது என்று அநேகம் பேருக்குத் தெரியாது.

அன்புவழிபுரம்:
இடையில் ஒரு சொல். யாராவது நெட்வேர்க் ரீசெட் போடச் சொன்னால் யோசித்துப் போடுங்கள். சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் அழிந்துவிடும். மற்ற வைஃபைகள் தெரிந்து சொந்த ரவுட்டர் மட்டும் தெரியாமல் போனால் ரவுட்டரின் சானலைப் பாருங்கள். 12, 13இல் இருந்தால், டிரைவர் அமெரிக்க அமைப்புக்கு மாறியதும் அது கண்ணில் படாது. 1, 6, 11இல் ஒன்றுக்கு மாற்றினால் வரும். இந்தத் தங்கச்சியின் பழுது அதுவல்ல, தேடி வருகிற வேறு யாருக்காவது உதவும்.

உப்புவெளி விடுதி:
பக்கத்து வீட்டுத் தம்பி பென்டிரைவ் செய்து தந்தான். மின்ட் திறந்ததும் எங்கள் வைஃபை, பக்கத்து ஹோட்டல் வைஃபை எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. இணைத்தும் பார்த்தேன், ஓடியது.

பாலையூற்று:
அப்படியென்றால் கார்ட் நல்லது. இனி டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டை இரட்டைக் கிளிக் பண்ணி டிரைவர் என்ற பக்கத்துக்குப் போங்கள். ரோல் பேக் டிரைவர் என்ற பொத்தான் அமத்தக்கூடியதாக இருந்தால் அமத்துங்கள். மங்கிப்போய் இருந்தால் பழைய டிரைவர் கைவசம் இல்லை என்று அர்த்தம். அப்போது போனை யூஎஸ்பி கேபிளில் கொளுவி, போனின் இணையத்தை லெப்டொப்புக்குக் கொடுக்கிற டெதரிங் போட்டு, லெப்டொப் செய்த கம்பெனியின் தளத்தில் உங்கள் மொடலுக்கு உரிய டிரைவரை எடுக்க வேண்டும். கொளுவிய உடனே அந்த இணைப்பை மீட்டர்ட், அதாவது அளந்து பாவிக்க வேண்டியது என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் டிரைவர் இறங்குவதற்கு முன் விண்டோஸ் தன் பாட்டில் ஏதாவது இறக்கி, போட்ட டேட்டா கார்டை முடித்துவிடும்.

உப்புவெளி விடுதி:
பொத்தான் இருந்தது. ரோல் பேக் பண்ணி, ஷட் டவுன் பண்ணித் திரும்பத் திறந்தேன். அதே முக்கோணம்.

உவர்மலை:
ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருந்தால் ஷட் டவுன் பண்ணினாலும் விண்டோஸ் தன் கர்னலை அப்படியே டிஸ்க்கில் மடித்து வைத்து, அடுத்த முறை அதையே விரிக்கும். டிரைவர் முதலில் இருந்து தொடங்காது. ரீஸ்டார்ட்தான் முழுசாகக் கழுவித் தொடங்கும். அதற்கும் வராவிட்டால் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அமத்திப் பிடியுங்கள். கார்டில் தேங்கி நிற்கிற கரண்டும் போகும்.

உப்புவெளி விடுதி:
ரீஸ்டார்ட்டோடு வந்துவிட்டது!! இப்போது அந்த லெப்டொப்பில் இருந்துதான் எழுதுகிறேன். அண்ணைக்கும் அக்காவுக்கும் நானாவுக்கும் நன்றி.

உவர்மலை:
நல்லது. இப்போது மறக்காமல் போஸ் அப்டேட்ஸ் போடுங்கள், 5 கிழமை.

பாலையூற்று:
வேண்டாம் தங்கச்சி. அப்டேட் கழற்றாமலே வைஃபை வந்திருக்கிறது. பழுது புதிதாக வந்த டிரைவரில் இருந்தது, அதைப் பின்னுக்கு எடுத்தாயிற்று. பிறகு ஏன் மற்றதை எல்லாம் நிறுத்துவது?

உவர்மலை:
டிரைவரைப் பின்னுக்கு எடுத்ததும் பின்வாங்கல்தானே டீச்சர்? பெயரைத்தான் மாற்றிச் சொல்கிறீர்கள். ரீஸ்டார்ட்டில் வந்ததா, ரோல் பேக்கில் வந்ததா என்பதும் இன்னும் தெரியாது. நிறுத்தாவிட்டால் அதே டிரைவர் அடுத்த தடவை அப்டேட்டோடு கதவைத் தட்டும்.

பாலையூற்று:
தட்டும், அது உண்மை. ஆனால் டிரைவருக்கு மட்டும் கதவைப் பூட்டலாம். தங்கச்சி, உங்கள் விண்டோஸ் ஹோமா, புரோவா?

உப்புவெளி விடுதி:
புரோ என்று காட்டுகிறது.

பாலையூற்று:
நல்லதாகப் போச்சு. குரூப் பொலிசி எடிட்டரைத் திறந்து, கம்பியூட்டர் கொன்ஃபிகரேஷனுக்குள் நிர்வாகப் பகுதியில் விண்டோஸ் அப்டேட் வரை போங்கள். விண்டோஸ் அப்டேட்டோடு டிரைவர்களைச் சேர்க்காதே என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அதை எனேபிள் பண்ணுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், டிரைவர் வராது. 2017 மார்ச்சில் திருத்தம் வந்தும் போடாமல் விட்டவர்களைத்தான் அதே ஆண்டு மே மாதம் வன்னாகிரை என்ற கப்பம் கேட்கிற வைரஸ் பிடித்தது. இடையில் இருந்தது இரண்டு மாதம் அண்ணை. 5 கிழமை என்பது அதில் பாதிக்கு மேல்.

உவர்மலை:
பொலிசி போடுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் வைஃபையைக் குழப்புவது டிரைவர் மட்டும் இல்லை, 2023இல் குழப்பியது டிரைவர் இல்லையே. வந்த அன்றே போடுவதும் புத்தி இல்லை. ஒரு கிழமையாவது பொறுத்து, மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுப் போடட்டும். அந்த ஒரு கிழமைக்காவது நிறுத்தலாம் இல்லையா?

உள்துறைமுகம்:
எது எப்படியோ, சீசன் முடிந்ததும் அந்தக் கார்டை ஒருக்கால் திறந்து துடையுங்கள். அப்டேட்டுக்குத் தப்பினாலும் உப்புக்குத் தப்பாது.

உப்புவெளி விடுதி:
பொலிசியை எனேபிள் பண்ணிவிட்டேன் அக்கா. அண்ணை, அடுத்த அப்டேட் எப்போது வரும்?

உவர்மலை:
மாதத்தின் இரண்டாம் செவ்வாய், நம் நேரத்துக்கு இரவு 10.30 அல்லது 11.30. அன்றைக்கு ஒரு கிழமைக்கு போஸ் போட்டுவிட்டுப் படுங்கள்.

பாலையூற்று:
புதன் காலை ஆட்கள் காலைச் சாப்பாட்டுக்கு இருக்கிற நேரம் போடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள், ஏதும் குழம்பினால் இங்கே வந்து கேட்கலாம்.

உவர்மலை:
காலைச் சாப்பாட்டு நேரத்திலா? டீச்சர் விடுதி நடத்தியதே இல்லை போல.