க்ரீப் திருட்டுப் பாட்டா? அந்த சி மைனர் யாருடையது?

தாளக்கட்டு:
ரேடியோஹெட் என்ற ஆங்கில ராக் குழுவின் 'க்ரீப்' பாட்டில் வரும் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசை யாருக்கும் தோன்றாதது என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஜி, பி, சி, சி மைனர். இதே வரிசை ஆல்பர்ட் ஹேமண்டும் மைக் ஹேசில்வுட்டும் எழுதிய 'தி ஏர் தட் ஐ ப்ரீத்' பாட்டில் 1972லேயே இருக்கிறது. 1974ல் ஹாலீஸ் என்ற பிரிட்டிஷ் குழு பாடி ஹிட் ஆனது. க்ரீப் வந்தது 1992ல். இன்று க்ரீப்பை எழுதியவர்கள் பட்டியலில் அந்த இருவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. சும்மாவா சேர்த்தார்கள்? அந்த சி மைனரில்தான் மாட்டினார்கள்.

ரெண்டாம்கம்பி:
பாதி தெரிந்துகொண்டு தீர்ப்பு எழுதாதீர்கள். பெயர் சேர்ந்ததற்குக் காரணம் நடுவில் வரும் ப்ரிட்ஜின் மெட்டு. அந்த இடத்தில் முதலில் கிட்டார் சோலோ வருவதாக இருந்தது. அந்தப் பழைய பாட்டிலும் இதே கார்ட்தான் என்று குழுவின் கிட்டாரிஸ்ட் எட் ஓ'ப்ரையன் சொன்னார். பாடகர் தாம் யார்க் தெரிந்தே பழைய பாட்டின் மெட்டை அங்கே வைத்துப் பாடினார். பழைய பாட்டின் பதிப்பக நிறுவனம் சட்டப்படி கேட்டது, பெயரும் ராயல்டியில் பங்கும் கொடுத்தார்கள். மறைக்காமல் ஒத்துக்கொண்டார்கள் என்று ஹேமண்டே சொல்லியிருக்கிறார். கார்ட் வரிசைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது.

தாளக்கட்டு:
சி மைனரைப் பற்றிக் கேட்டால் ப்ரிட்ஜைப் பற்றிச் சொல்கிறீர்கள். போன மாதம் ட்யூனிங் விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

ரெண்டாம்கம்பி:
நழுவவில்லை. கிட்டாரை எடுங்கள். நாலு கார்டையும் பார் போட்டு (ஒரே விரலைப் பல கம்பிகள் மேல் குறுக்கே அழுத்தி) பிடியுங்கள். ஜிக்கு 3ஆம் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே உள்ள கோடு), பிக்கு 2, சிக்கும் சி மைனருக்கும் 3. இப்போது மெல்லிய பக்கத்திலிருந்து இரண்டாவது கம்பியை மட்டும் தட்டுங்கள். 3, 4, 5, 4 என்று விரல் ஏறி இறங்கும். ஜியை ஸட்ஜமாக வைத்தால் பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம், அடுத்த சுற்றில் திரும்பவும் பஞ்சமம். சியிலிருந்து சி மைனருக்குப் போக அந்த ஒரு கம்பியில் ஒரே ஒரு ஃப்ரெட்தான் இறங்குகிறது, ஆனால் நெஞ்சு அடைக்கிறது. பாட்டின் உயிரே அங்கேதான்.

பலர் பியைப் பி மைனராகப் பிடித்துக் கெடுப்பதும் இதே கம்பியில்தான். 4ஆம் ஃப்ரெட்டில் இருக்க வேண்டியது 3க்கு வந்துவிடும். பஞ்சமம் நகராமல் நின்றுவிடும். ஏறினால்தானே இறங்கும்போது வலிக்கும்?

மாயாமாளவன்:
சுருதியைச் சம அளவாகப் பிரித்த ஃப்ரெட்டில் அடிக்கிற சுரத்துக்கு சுத்த தைவதம் என்று பெயர் வைக்காதீர்கள். கமகம் இல்லாத தைவதம் என்ன தைவதம்?

ரெண்டாம்கம்பி:
சுரஸ்தானத்தைச் சொன்னேன், ராகத்தைச் சொல்லவில்லை. ஹார்மோனியத்தில் அதே கட்டையை அமுக்கினால் என்ன பெயர் சொல்வீர்கள்?

மாயாமாளவன்:
ஹார்மோனியத்தையும் நான் ஒத்துக்கொண்டதில்லை.

தாளக்கட்டு:
ரெண்டாம்கம்பி, நீங்களே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். அந்த ஏறி இறங்கும் தைவதம் ஹாலீஸ் பாட்டிலும் அப்படியே இருக்கிறது. உயிர் அங்கேதான் என்றால் அந்த உயிர் 1972ல் பிறந்தது. சி மைனர் அவர்களுடையது.

ரெண்டாம்கம்பி:
இருக்கிறது, ஆனால் அந்தப் பாட்டு பல்லவிக்கு வேறு கார்டுகளுக்குப் போய்விடும். க்ரீப் எங்கேயும் போகாது. ஒரு கார்டுக்கு இரண்டு பார் (இது தாள ஆவர்த்தம், விரல் பார் இல்லை), எட்டு பாரில் ஒரு சுற்று. சரணம், பல்லவி, ப்ரிட்ஜ் எல்லாம் அதே சுற்றுதான். கார்ட் மாறாததால் சத்தம்தான் மாறியாக வேண்டும். அதனால்தான் பல்லவிக்கு முன்னால் குழுவின் இன்னொரு கிட்டாரிஸ்ட் ஜானி க்ரீன்வுட் கம்பிகளில் அடிக்கும் அந்த முரட்டு அடி. பாட்டு அமைதியாகவே போவது பிடிக்காமல் ஓங்கி அடித்தது. அது விழுகிற இடமும் சி மைனர்தான், கவனியுங்கள்.

வால்யூம்11:
அந்த "ஜக்... ஜக்" எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. மார்ஷல் ஷ்ரெட்மாஸ்டர் டிஸ்டார்ஷன் பெடல் (ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி) வாங்கினால் வருமா?

ரெண்டாம்கம்பி:
பெடலை விட இடது கை முக்கியம். டிஸ்டார்ஷனை அடிக்கு முன்பே போட்டுவிடுங்கள். இடது கையில் மூன்று நாலு விரலைக் கம்பிகள் மேல் படுக்க வையுங்கள், அழுத்தாதீர்கள். அழுத்தினால் சுரம் கேட்கும். ஒரே விரலை 5, 7, 12ஆம் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே வைத்தால் ஹார்மோனிக் மணி மாதிரி ஒலிக்கும், மொத்தமும் பாழ். வலது கையில் ஆறு கம்பியும் சேர அடியுங்கள். நாய்ஸ் கேட் (இரைச்சலை அடைக்கும் கருவி) போட்டிருந்தால் தளர்த்துங்கள், இல்லையென்றால் அடியின் வாலை நறுக்கிவிடும்.

தாளக்கட்டு:
வகுப்பு எடுத்தது போதும். அமெரிக்கப் பாடகி லானா டெல் ரேயின் 'கெட் ஃப்ரீ' பாட்டில் க்ரீப் சாயல் என்று ரேடியோஹெட்டின் பதிப்பகம் பங்கு கேட்டது 2018ல் வெளியே வந்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? கார்டுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது என்றீர்களே!

வால்யூம்11:
100 சதவீதம் கேட்டார்களாமே?

ரெண்டாம்கம்பி:
அது லானா சொன்னது. 100 சதவீதம் கேட்கவில்லை, வழக்கும் போடவில்லை என்று பதிப்பகம் மறுத்தது. பெயர் சேர்க்கக் கேட்டதை மறுக்கவில்லை. அங்கேயும் சரணத்தின் மெட்டைக் கேளுங்கள், கார்டை மட்டும் கேட்காதீர்கள்.

தாளக்கட்டு:
அடுத்தவன் எடுத்தால் மெட்டு, இவர்கள் எடுத்தால் மரியாதை. முதலில் வந்தபோது பிரிட்டனில் 78ஆம் இடத்தோடு படுத்துவிட்ட பாட்டு இது.

ரெண்டாம்கம்பி:
1993ல் மறுபடி வெளியிட்டபோது அதே பிரிட்டனில் 7ஆம் இடம். அதையும் எழுதுங்கள். நடுவில் இஸ்ரேல் வானொலியில் தொகுப்பாளர் யோவ் குட்னர் விடாமல் போட்டார், அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ வானொலி பிடித்துக்கொண்டது. காப்பி என்று தெரிந்தா அத்தனை ஊரில் கேட்டார்கள்?

தாளக்கட்டு:
எத்தனை ஊரில் கேட்டாலும் சி மைனர் 1972தான்.

மாயாமாளவன்:
ஹார்மோனியத்தைப் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ரெண்டாம்கம்பி:
தாளக்கட்டு, இரண்டு பாட்டையும் ஜிக்கு மாற்றி அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். ப்ரிட்ஜ் வரைக்கும் வாய் வேறு மெட்டைத்தான் பாடும். பாடிவிட்டு வாருங்கள், பேசலாம்.

தாளக்கட்டு:
வாசித்தேன். சி மைனர் அதேதான்.