மக்கள் விரும்பாத அயல்நாட்டுப் போர்: படையைத் திரும்பப் பெறலாமா?

தேவகோட்டை மாணவி:
காரைக்குடியில் கல்லூரிப் பட்டிமன்றம். திரும்பப் பெறவேண்டும் என்ற அணியில் பேசுகிறேன். "படை வெளியேறினால் அந்த நாடு சரிந்துவிடும்" என்று எதிரணி சொன்னால் எப்படி மறுப்பது?

கானாடுகாத்தான்:
அது வெளியேறும் முறையைப் பொறுத்தது தங்கச்சி. சோவியத் படை 1988 மே 15 முதல் ஆப்கானிஸ்தானிலிருந்து விலகி, 1989 பிப்ரவரி 15-இல் முடித்தது. ஆயுதமும் எரிபொருளும் பணமும் தொடர்ந்து போனதால், சோவியத் ஆதரவில் அங்கே ஆண்ட நஜிபுல்லாவின் அரசு 1992 ஏப்ரல் வரை நின்றது. உதவி நின்ற சில மாதங்களில் விழுந்தது. 2021-இல் அமெரிக்கா, ஆப்கன் விமானங்களைப் பழுதுபார்த்த ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்தே அழைத்துக்கொண்டது. விமானங்கள் முடங்க, தரைப்படை தனித்து நின்றது. காபூலுக்கு வடக்கே இருந்த தன் பெரிய விமானத் தளமான பக்ராமையும் ஜூலையிலேயே காலி செய்ததால், கடைசியில் எல்லாரும் காபூலின் ஒற்றை ஓடுபாதையில் முண்டியடித்தார்கள்.

பள்ளத்தூர்:
இலங்கையை விட்டுவிட்டீர்களே! 1987 ஜூலையில் போன இந்திய அமைதிப்படை 1990 மார்ச் 24-இல் முழுதும் திரும்பியது. ஏறத்தாழ 1,200 வீரர்கள் மாண்டார்கள். ஈழத்து மக்கள் பட்டது அதைவிடக் கொடுமை. இலங்கை அதிபர் பிரேமதாசாவே போகச் சொன்ன பிறகு தங்குவதில் நியாயமே இல்லை. ஆனால் இந்தியத் தரப்பு அங்கே அவசரமாக ஆள்சேர்த்து உருவாக்கிய தமிழ்த் தேசிய இராணுவம், படை விலக விலகக் கலைந்தது. ஜூனில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் மறுபடி போர்.

கானாடுகாத்தான்:
உண்மை அண்ணே. தங்கச்சி, தேதியை மட்டும் பேசாதே. படைக்கு உதவிய உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்களுக்கு முன்கூட்டியே விசா, பழுதுபார்ப்போர் கடைசிவரை, பிறகும் நிதி என்று வரிசை சொல்.